மலை இல்லாத புத்தகப் பெட்டி

சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் படப்புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கடையிலேயே நின்று, வாய்விட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். அட்டை அழகைப் பார்த்தும், பின்னால் போட்டிருக்கும் வயதுக் கணக்கைப் பார்த்தும், செட்டாக எடுத்தால் கழிவு உண்டு என்ற பேச்சைக் கேட்டும் வாங்கிய புத்தகங்கள் எங்கள் முன்பள்ளியில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அந்தக் காசு கொழுந்து பறிக்கிற அம்மாமார் கொடுத்த காசு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இலங்கையின் ஊவாவில், கொஸ்லந்தைக்கு மேலே, பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முன்பள்ளி நடத்துகிறேன். பழைய பிள்ளைக் காம்பராவின் ஒரு பாதி எங்களுக்கு, மறு பாதி கைக்குழந்தைகளுக்கு. உங்கள் இடமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஜன்னல் ஒன்று. மழைக்காலத்தில் பகலிலேயே லைட் வேண்டும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மூன்று வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். அம்மாமார் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஓட்டம் வந்து பார்த்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவார்கள்.

பெட்டிக் கதைக்கு வருகிறேன். அது மண்சரிவில் தொடங்குகிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு லயத்து வீடு இருக்கவில்லை. கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடங்களே முகாமாகின. புது வீடுகள் கைக்கு வரும்போது 2016 ஆகிவிட்டது. பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகல தோட்டத்தில் மறுபடி மண் சரிந்து லயங்கள் போயின. என்னிடம் வருகிற பிள்ளைகள் ஒருவரும் 2014இல் பிறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். இஸ்தோப்பில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே வளர்கிறார்கள். விடாமல் மழை அடிக்கிற ராத்திரியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போய்ப் படுத்த பிள்ளைகள் அவர்கள்.

கபரகல மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு நிறையப் பேர் வந்து போனார்கள். அப்படி வந்த ஓர் அமைப்பின் சார்பில் பிள்ளைகளின் மனசைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு ஐயா வந்தார். படித்தவர், அமைதியாகப் பேசுகிறவர். எங்கள் தட்டில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி இரண்டாகப் பிரித்து வைத்தார். மலை, மழை, மண், இருட்டு, காணாமல் போவது, இவை வருகிற எதையும் இந்தப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்றார். விலக்கிய பக்கத்தில்தான் எங்கள் நல்ல புத்தகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் இழுத்து இழுத்து முதுகு பிய்ந்துபோன சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’வும் (குடைத் திருடன்) அதில் ஒன்று. குடை இருந்தால் மழை இருக்கும், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் புத்தகத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1956இல் சிங்களத்தில் வந்தது. எழுதியவரும் படம் வரைந்தவரும் சிபில் வெத்தசிங்கவே. 2020இல் காலமானார். குடையே பார்த்திராத ஒரு கிராமம். அங்கிருந்து டவுனுக்குப் போகிற கிரி மாமா முதல்முறையாகக் குடையைப் பார்த்து ஒன்று வாங்கிவருகிறார். வழியில் கோப்பி குடிக்கக் கடையில் நிற்கும்போது குடை காணாமல் போகிறது. ஒவ்வொரு தடவை வாங்கிவரும்போதும் இப்படியே போகிறது. கடைசியில் அவர் குடைக்குள்ளே காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்து, விழுந்து கிடக்கிற துண்டுகளைப் பார்த்துக்கொண்டே காட்டுக்குள் போகிறார். ஒரு மரம் முழுக்கக் குடைகள் தொங்குகின்றன. எடுத்தது குரங்கு. கிரி மாமா கோபித்துக்கொள்ளவில்லை. இருந்த குடைகளைக் கொண்டுவந்து கடை போட்டுவிடுகிறார். இவ்வளவுதான் கதை. இதில் எந்த மலை இறங்குகிறது, எந்த வீடு போகிறது என்று அன்றைக்கே கேட்டேன். “டீச்சர், நான் பொறுப்போட சொல்றேன்” என்றார். பெற்றோர் குழுவும் அவர் பக்கம் நின்றது. “ஐயா படிச்சவரு, நாலு எடம் பாத்தவரு” என்று தலைவர் பேச்சை முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் குழுவினர் புத்தகச் செட் வாங்கினார்கள். 2022 நெருக்கடியில் காகிதம் கிடைக்காமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்த நாடு இது. 2023இலும் புத்தக விலை இறங்கவில்லை. நாட்சம்பளமோ அப்போதும் 2021இல் வந்த அதே ஆயிரம் ரூபா. கொழுந்து குறைந்து, அரை நாள் கணக்காகிற அரைப்பேர் விழுந்தால் அதுவும் முழுதாக வராது. அந்தச் சம்பளத்திலிருந்து மாதா மாதம் எடுத்து வைத்த காசு மொத்தமும் ஒரே நாளில் போனது. பெட்டியைத் திறந்தோம். பழங்களின் பெயர் ஒன்று, வாகனங்களின் பெயர் ஒன்று, அ முதல் ஃ வரை ஒன்று. மிச்சமெல்லாம் நீதிக் கதைகள். பொய் சொன்ன ஆடு, பேராசைப்பட்ட நரி, பெரியவர் சொல் கேளாத முயல். எல்லாம் பளபளக்கிற காகிதம். பயமுறுத்துகிற ஒன்றும் அதில் இல்லை, ஐயாவின் கணக்குப்படி எல்லாம் சரி.

படித்தேன். நன்றாகவே படித்தேன், குரலை மாற்றி, கையை ஆட்டி. ஒரு பக்கத்துக்கு எட்டு வரி. வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அந்த வாக்கியம் யாரைப் பற்றி ஆரம்பித்தது என்று எனக்கே மறந்துவிடும். மூன்றாவது பக்கத்தில் சின்னதுகள் பாயின் கோரையைப் பிய்க்கத் தொடங்கும். பெரியதுகள் ஜன்னலுக்குப் போய்விடும். வாரக்கணக்கில் இதே கதைதான்.

அதுகூடப் பரவாயில்லை. காசு போனது, நேரம் போனது என்று விட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகள் மழையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் என்னால் விட முடியவில்லை. முன்பெல்லாம் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் எங்கள் பிள்ளைகள் கத்துவார்கள். “டீச்சர், குரங்கு குடைய எடுத்துட்டு வரும்!” என்று ஒன்று சொல்லும். “எங்க லயத்துல ராத்திரி தண்ணி வந்திச்சு” என்று இன்னொன்று சொல்லும். பேச்சு எங்கெங்கோ போய், சிரிப்பில் முடியும், சில நாள் அழுகையிலும் முடியும். விலக்கிய புத்தகங்களை எடுத்து அலுமாரிக்குள் வைத்த பிறகு அந்தப் பேச்சு இல்லை. டீச்சரே ஒளித்து வைக்கிற அளவுக்கு அது பெரிய பயம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பையன், நாலு வயது. அந்த ஐப்பசியில் மழை வலுத்ததும் சத்தமில்லாமல் எழுந்து போய்த் தண்ணீர்ப் பானை வைக்கிற மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டேன், வரவில்லை. அழவும் இல்லை. இரண்டு கையாலும் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு மேலே, தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குழுவிடம் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து ‘குட ஹொரா’வை எடுத்தேன். மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் பக்கமாகப் படத்தைப் பிடித்து, மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். கிரி மாமா இரண்டாவது கோப்பி குடிக்கப் போனபோது மேசைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. “வெக்காதீங்க! வெளிய வெக்காதீங்க!” குடையைச் சொல்கிறான். முடியும்போது அவன் என் மடியில் பாதி ஏறியிருந்தான். முடிந்ததும் கேட்டான்: “மலை எங்க வீட்டுக்கும் வருமா டீச்சர்?”

அப்படி ஒரு பிள்ளை கேட்டால் வராது என்று சொல்லாதீர்கள். நமக்கு அது தெரியாது. பிள்ளைக்கும் நமக்குத் தெரியாது என்பது தெரியும். “மழை கூடினா சொல்லுவாங்க. சொன்ன உடனே அம்மா, அம்மாயி, நீ, தங்கச்சி எல்லாரும் கோயிலுக்குப் போயிருவீங்க. நானும் வந்திருவேன்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “குரங்கு?” என்று கேட்டான். அதுவும் வரும் என்றேன்.

ஐயா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விலக்கிய புத்தகங்களில் ஒன்றையாவது எங்கள் பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டு விலக்கியிருக்கலாம். புத்தகத்தில் என்ன படம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். அதைக் கேட்கிற பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 1963இல் அமெரிக்காவில் மொரிஸ் செண்டக், மாக்ஸ் என்ற பையன் ராட்சத மிருகங்கள் இருக்கிற இடத்துக்குப் போய் அவற்றுக்கே ராஜாவாகித் திரும்பி வருகிற புத்தகத்தைக் கொண்டுவந்தபோது, பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று பெரியவர்கள்தான் பயந்தார்கள். அடுத்த வருஷமே அதற்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. பிள்ளைகள் அன்றிலிருந்து இன்றுவரை அதை விடவில்லை. மிருகங்கள் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் மாக்ஸ் தன் காம்பராவுக்கே வருகிறான், ராத்திரிச் சாப்பாடு சூடாக இருக்கிறது. பயம் வருகிற புத்தகத்தில் நான் தேடுவது இதைத்தான். போன பிள்ளை திரும்பி வருகிறதா? வருகிறபோது யாராவது இருக்கிறார்களா? இருந்தால் எடுங்கள். பயத்தைக் காட்டிவிட்டு, சொல் கேளாததால்தான் உனக்கு இப்படி ஆனது என்று முடிகிற புத்தகத்தைத் தொடாதீர்கள். நீதிக் கதை செட்டில் பாதிக்கு மேல் அந்த வகைதான். பயம் இல்லாதவை என்று வாங்கியவை அவை.

இன்னொன்று. மழைப் புத்தகத்தை மழை நாளில் முதல்தடவையாக எடுக்கக் கூடாது. எங்கள் ஊவாப் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும், வானம் வெளுத்துக் கிடக்கும். அப்போதே படித்துவிடுங்கள். ஐப்பசியில் இருட்டிக்கொண்டு வரும்போது அது பிள்ளைக்குப் பழகிய புத்தகமாக இருக்க வேண்டும். முடிவு தெரிந்த கதையைத்தான் பயந்த நேரத்தில் பிள்ளை கேட்கும். அனர்த்த முன்னெச்சரிக்கைக் கையேடுகளில் வரும் படங்கள் வேறு. சிவப்பு அம்புக்குறி, மண்ணுக்குள் பாதி வீடு என்று வரைந்த படங்களை யாரும் பிள்ளைக்குக் கதை மாதிரிப் படித்துக் காட்ட வேண்டாம். அவை பெரியவர்களுக்கு. பெரியவர்கள் அவற்றை ஒழுங்காகப் படித்தால் போதும்.

இனி மற்றவை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன் அல்லவா? படிக்கும்போது ஒரே மூச்சில் வரி முடிகிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குப் பக்கத்துக்கு இரண்டு வரி போதும். ஐந்து வயதுக்கு நாலு. புத்தகத் தமிழை அப்படியே படிக்க வேண்டியதில்லை. சென்றான் என்று இருந்தால் போனான் என்று என் வாய் தானாக மாற்றிவிடும். அப்படி மாற்ற வளைந்து கொடுக்காத வாக்கியம் உள்ள புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுவேன். பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல ஏதாவது வேண்டும். சென்னைத் தூலிகாவின் ‘கஜபதி குலபதி’ எங்கள் பக்கம் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்முகிறது. தும்மல் வருகிற பக்கத்துக்கு முந்தின பக்கத்திலேயே என் பிள்ளைகள் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சே வராத ஒரு பிள்ளை அந்தத் தும்மலைத்தான் முதலில் எல்லோரோடும் சேர்ந்து போட்டது. அதன் அம்மாவுக்கு அன்றைக்கு நான் மலைக்கே ஆள் அனுப்பிச் சொன்னேன்.

படத்தை எட்ட வைத்துப் பாருங்கள். கடையில் நாம் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளை கடைசி வரிசையில் பாயின் ஓரத்தில் இருக்கிறது, வெளிச்சமும் இல்லை. கடைக்காரரைப் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லி ஏழெட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். எது யார் என்று தெரியவில்லையானால், தனி ஒரு பிள்ளைக்கு மடியில் வைத்துக் காட்டலாம், கூட்டத்துக்கு ஆகாது.

படமும் எழுத்தும் ஒன்றையே சொல்கிற புத்தகம் சீக்கிரம் சலித்துவிடும். பண்டாரவளையில் ஒரு பயிற்சியில் பெட் ஹட்சின்ஸின் ‘ரோசிஸ் வோக்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தேன். 1968இல் வந்தது. மொத்தமே 32 சொற்கள். கோழி நடந்து போகிறது, அவ்வளவுதான் எழுத்து. பின்னாலேயே நரி வருகிறது. அதைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை. நரி பாயும் ஒவ்வொரு தடவையும் எதிலாவது மோதுகிறது, விழுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. அந்தப் படங்களைப் பிற்பாடு என் பிள்ளைகளுக்குக் காட்டியபோது நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. குளவிக் கொட்டு என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். நரி எந்தப் பக்கம் ஓட வேண்டும், எதைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நரிக்கே புத்தி சொன்னார்கள்.

இதில் நமக்கு மிக முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி எங்கள் பிள்ளைகளோடு இருக்கிறவர் யார்? அம்மா கொழுந்து நிறுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிடும். கதை சொல்கிறவர் அம்மாயியோ அப்பாயியோதான். அவர்களில் நிறையப் பேருக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக்கு எட்டு வரி உள்ள புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினால் அந்தப் பெரியமனுஷிக்குப் பேரப்பிள்ளை முன்னால் தலைகுனிவு. படத்தை வைத்தே சொல்லக்கூடிய புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். ‘குட ஹொரா’ சிங்களப் புத்தகம். எங்கள் வீடுகளில் சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் உண்டு, வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு அம்மாயி அதைக் கொண்டுபோய், கோப்பிக் கடையைக் கொஸ்லந்தைச் சந்தியில் வைத்து, கிரி மாமாவைத் தன் தம்பியாக்கி, குரங்கை எங்கள் தோட்டத்து மேற்கணக்குக் காட்டில் ஏற்றிவிட்டார். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து என்னைத் திருத்தியது: “நீங்க தப்பாச் சொல்றீங்க டீச்சர். அம்மாயிதான் சரியாச் சொன்னாங்க.” பெட்டியில் வந்த புத்தகங்களில் ஒன்றையும் யாரும் வீட்டுக்குக் கேட்கவில்லை. பழப் படம் போட்ட புத்தகத்தை வைத்து ஒரு அம்மாயி என்ன கதை சொல்ல முடியும்?

நீதி கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “இதுல புள்ள என்னா படிக்கும் டீச்சர்?” என்று குழுவில் கேட்காத கூட்டம் இல்லை. அப்படிக் கேட்ட ஒருவரின் பேரன், குரங்கு ஏன் குடையை எடுத்தது என்று ஒரு வாரம் யோசித்து, அதுக்கும் குட்டி இருக்கும், குட்டி நனையும் என்று எனக்குச் சொன்னான். புத்தகத்தில் அது இல்லை. அவனாகக் கண்டுபிடித்தது. முடிவில் நீதியை அச்சடித்துவிட்டால் பிள்ளை இப்படி யோசிக்க இடம் இருக்காது. அந்தத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பண்டாரவளையிலும் பதுளையிலும் கடைகளில் தேட வேண்டும். 2005இல் இலங்கைக்கு வந்த ரூம் டு ரீட் அமைப்பு சிங்களத்திலும் தமிழிலும் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டிருக்கிறது. பாடசாலை நூலகத்தில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். காசு இல்லாவிட்டால் போனில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இருக்கிறது, ஆசியா மன்றத்தின் லெட்ஸ் ரீட் இருக்கிறது. இரண்டிலும் தமிழ் உண்டு, இலவசம். டவுனில் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்டோரிவீவரில் நிலை 1, நிலை 2 என்று போட்டிருப்பது பிள்ளை தானாக வாசிப்பதற்கு. நாம் படித்துக் காட்டும்போது அந்தக் கணக்கு இல்லை, ஒரு நிலை மேலே தாராளமாகப் போகலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை விடாமல் வைத்துக்கொண்டு, அச்சடித்து, வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும் அங்கே அனுமதி இருக்கிறது. ஒரு கதையில் வந்த மாட்டுவண்டியை எடுத்துவிட்டு எங்கள் கொழுந்து லொறியைப் போட்டுக்கொண்டோம். ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

காகிதம். பளபளக்கிற காகிதம் எங்கள் ஊருக்கு ஆகாது. பனியும் ஈரமும் ஏறினால் பக்கமும் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தின் முகம் உரிந்து வரும். பெட்டியில் வந்தவை முதல் மழைக்காலத்திலேயே அப்படி ஆகின. சாதாரணக் காகிதத்தில், நடுவில் கம்பி அடித்த புத்தகம் நல்லது. பசை போட்டு ஒட்டியது வேண்டாம், விரித்துப் பிடித்தால் உடையும். கம்பி துருப்பிடிக்கும். பிடித்ததும் கம்பியை எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டு, சாக்குத் தைக்கிற ஊசியால் நடுத் துளையில் உள்ளிருந்து குத்தி வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, கீழ்த் துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத் துளையால் உள்ளே கொண்டுவந்து, நடுவே ஓடுகிற நூலுக்கு இரு பக்கமும் நுனியைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். நைலோன் நூல் வேண்டாம், காகிதத்தை அறுக்கும். பருத்தி நூலில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டால் போதும். எங்கள் ‘குட ஹொரா’ இப்படித் தைத்துத்தான் நிற்கிறது. வைப்பதற்கு பிஸ்கட் டின். தரையில் வைக்காதீர்கள், சுவரோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

நேரம். மத்தியானத்துக்கு முன் கதை எடுபடாது. அம்மா வருகிற நேரம் என்று கண் வாசலிலேயே இருக்கும். அம்மா வந்து போன பிறகு கொஞ்ச நேரம் அழுகை. தூங்கி எழுந்த பிறகு, இரண்டு மணிக்கு மேல், ஒரு புத்தகம். ஒன்றுதான். இன்னொரு தடவை என்று கேட்டால் அதையே இன்னொரு தடவை.

எங்கள் லயம், எங்கள் கூடை, எங்கள் தேயிலைத் தூர் வரைந்த படப்புத்தகம் இதுவரை என் கைக்கு வரவில்லை. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள், எவ்வளவோ பேசினார்கள். வரையத் தெரிந்த எங்கள் இளைஞர்கள் யாராவது படப்புத்தகம் ஒன்று போடுங்கள். பாட்டன் பூட்டன் நடந்து வந்த கதையைப் போடுங்கள், மலை இறங்கின கதையையும் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் அம்மாயி இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கோரிக்கை. அச்சுக்கு முன் எங்கள் பிள்ளைகளிடம் கொண்டுவாருங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பெட்டியை என்ன செய்தோம்? ஒட்டிப்போகாத பழங்களையும் வாகனங்களையும் வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டி விளையாடக் கொடுத்துவிட்டோம். பெற்றோர் குழு அடுத்த தடவை புத்தகம் வாங்கும்போது என்னையும் ஒரு அம்மாயியையும் இரண்டு பிள்ளைகளையும் பண்டாரவளைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் எழுதி வாங்கிவிட்டேன். தலைவரும் கையெழுத்துப் போட்டார்.

அன்பளிப்பாகப் புத்தகம் அனுப்ப நினைக்கிற வெளியூர் ஆட்களே, பெட்டியாக அனுப்பாதீர்கள். முதலில் ஒரு பிரதி அனுப்புங்கள், ஒரு மாதம் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று எழுதுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்ப வேண்டாம், வழியிலேயே நனையும். பிள்ளைகளின் வயதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ராத்திரி அந்தப் பிள்ளைகளோடு இருக்கிறவருக்கு வாசிக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள்.